எல்லாருக்கும் ஒரே தீவனம்

பன்றித் தீவனம் விற்கிறவன் கல்யாண வீட்டில் தொழிலைச் சொன்னால் பக்கத்து நாற்காலி காலியாகிவிடும். மாதக் கடைசியில் டார்கெட் கழுத்தை நெரிக்க, எதையாவது விற்றுப் பிழைக்கும் உங்களுக்கு என் பாடு புரியும். அச்சரப்பாக்கம் முதல் மாமல்லபுரம் வரை பைக்கில் சுற்றியதில், ஸ்டெல்லாம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை மட்டும் சொல்கிறேன்.

பாரபட்சம் கூடாது

திருப்போரூர் பக்கம் ஸ்டெல்லாம்மாவுக்கு இருபத்திரண்டு பன்றிகள். அந்த வீட்டுக்கு வேறு வருமானம் கிடையாது. குட்டிக்குப் புரதம் கூடிய தீவனம், நடுத்தரத்துக்கு அதைவிடக் கொஞ்சம் குறைந்தது, விற்கப்போகும் பெரியதற்கு இன்னும் குறைந்தது என்று மூன்று மூட்டைகளைக் காட்டினேன். விலை கூடிய குட்டித் தீவனத்தையே எல்லாவற்றுக்கும் கேட்டார். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அன்று தேதி இருபத்தெட்டு, வாயை மூடிக்கொண்டேன்.

"ஒரே கொட்டாயில கீதுங்க. ஒண்ணுக்கு ஒசத்தி, ஒண்ணுக்கு மட்டம்னு போட மனசு வராது சார்."

பக்கத்து மனை

பக்கத்து மனையில் புதிதாக வீடு கட்டி வந்தவர் நாற்றம் தாங்காமல் பஞ்சாயத்தில் மனு கொடுத்துவிட்டார். ஒரு மாதத்தில் குறையாவிட்டால் கொட்டகையைக் காலி செய்ய வேண்டுமாம். ஸ்டெல்லாம்மா போன் போட்டார், ஓடினேன். உள்ளே நுழைந்ததுமே கண் எரிந்தது. வெட்கத்தோடு உண்மையைச் சொன்னேன். பெரிய பன்றி தேவைக்குமேல் தின்னும் புரதம் சதையாகாது. மூத்திரத்தில் போய்விடும், நாற்றமும் அதில்தான்.

"ஒசந்த தீனிய வாங்கி மூத்திரமா வூத்திகினு இருந்தனா? தெரிஞ்சும் நீ வாய மூடிகினு இருந்தியா சார்?"

டெய்லர் டேப்

அவர் அழவில்லை. தையல் டேப்பால் ஒவ்வொரு பன்றியின் மார்புச் சுற்றையும் அளந்து, எடை கணக்கிட்டு, பழைய கதவுகளால் கொட்டகையை மூன்றாகத் தடுத்தார். மூன்று அறைக்கு மூன்று தீவனம். என் விற்பனை படுத்தது, நாற்றமும் கூடவே படுத்தது. மாத முடிவில் பஞ்சாயத்து ஆட்கள் கொட்டகை வாசலிலேயே நின்று டீ குடித்தார்கள். கொட்டகை பிழைத்தது. மனு கொடுத்தவர் மட்டும் சந்தேகத்தோடு எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, பன்னிங்கள வித்துட்டியா?"

கிறிஸ்துமஸ் விருந்து

பெரியவை நல்ல எடைக்கு விலைபோயின. கோபம் தீர்ந்து ஸ்டெல்லாம்மா என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார். பிரியாணி பிரமாதம். மூன்றாம் முறை கரண்டியை நீட்டியவர், என் தொப்பையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டார்.

"வளர்ற வயசு தாண்டிட்ட சார். இனிமே போட்டா வேஸ்ட்டு."

இருபது வருடமாக ஊர் ஊராக நான் சொல்லிவரும் பாடத்தை ஒருவர் இத்தனை சரியாகப் புரிந்துகொண்டது அன்றுதான், அதுவும் என் தட்டில்.