மாத்திரை நாளும் மலை வெயிலும்: வெள்ளிமலைக்கு ஒரு பயணம்

மாசி மாதம் முதல் சனிக்கிழமை சேலத்திலிருந்து கல்வராயன் மலைக்குப் போனேன். அருவி பார்க்க அல்ல. என்னோடு சிகிச்சை எடுத்துவந்த சடையன் ஒரு மாதமாக மருத்துவமனைக்கு வரவில்லை. அவரிடம் போனும் கிடையாது. என்ன ஆனது என்று பார்க்கப் போனேன். ஒளி சிகிச்சையில் இருந்துகொண்டு ஊர் சுற்ற நினைப்பவர்களுக்குப் பயன்படலாம் என்று இதை எழுதுகிறேன்.

எங்கள் இருவருக்கும் ஒரே நோய். ரத்தத்தில் டி-செல் என்று ஒரு வகை வெள்ளை அணு உண்டு. உடம்பைக் காவல் காப்பது அதன் வேலை. அவற்றில் சில கட்டுக்கடங்காமல் பெருகித் தோலில் குடியேறிவிடும் ஒருவகைப் புற்றுநோய் இது. பார்க்கச் சாதாரணப் படை போல இருக்கும். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் ஒரு மாத்திரையும், உள்ளே நிற்கிற மாதிரி ஒரு விளக்குப் பெட்டியும் போதும். மாத்திரையின் மருந்து அணுவுக்குள் போய் மரபிழைகளுக்கு நடுவே சும்மா உட்கார்ந்திருக்கும். இரண்டு மணி நேரம் கழித்துப் புற ஊதா ஒளி பட்டதும் இழைகளைப் பூட்டிவிடும். பூட்டப்பட்ட அணு பெருக முடியாமல் சில நாளில் செத்துப்போகும். மற்றத் தோல் அணுக்களைவிட டி-செல்களுக்கு அடி பலமாக விழும். ஆனால் நல்ல காவல்காரன் யார், கெட்டுப்போனவன் யார் என்று ஒளிக்குத் தெரியாது. அதனால்தான் அளவு முக்கியம் என்பார் எங்கள் டாக்டரம்மா.

மாத்திரைக்கும் ஒளிக்கும் நடுவிலுள்ள அந்த இரண்டு மணி நேரத்தில்தான் சடையன் பழக்கமானார். திங்களும் வியாழனும். மரவள்ளி, மாடு, மழை, அரசியல் எல்லாம் பேசுவோம். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நிருபர். மனைவி இறந்துவிட்டார்; மகள் வெளிநாட்டில். அவர் வராத வாரங்களில் நான் பேசியது பால்காரரிடமும் மருந்துக்கடையிலும்தான் என்பதைத் தாமதமாகத்தான் கவனித்தேன்.

காலை ஆறு பத்துக்குச் சேலத்தில் பேருந்து. எட்டரைக்குக் கள்ளக்குறிச்சி. நிலையத்துக்கு எதிரே இட்லி சாப்பிட்டுவிட்டு வெள்ளிமலை பேருந்தில் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டியதும் மலைப்பாதை. மாத்திரை சாப்பிட்டபின் ஒரு முழு நாள் கண்ணும் தோலும் வெயிலுக்குக் காட்டக்கூடாது. ஜன்னல் கண்ணாடியை நம்பாதீர்கள், இந்த ஒளி அதன் வழியாக வந்துவிடும். எனக்குக் கெடு முடிந்திருந்தும், பழக்கத்தில் கறுப்புக் கண்ணாடியோடு நிழல் பக்கமாக உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கை மேலே போகும்வரை காலியாகவே இருந்தது.

வெள்ளிமலையில் இறங்கும்போது பதினொன்று. சடையன் ஊருக்கு ஏழு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய். ஓட்டுநர் என் கண்ணாடியை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

"கண்ணு ஆபரேசனுங்களா?"

"இல்லப்பா, தோலுக்கு வைத்தியம்."

"சடையனாட்டமா? அவரும் இதே மாரி கண்ணாடிய மாட்டிக்கினு வேலைக்கு வருவாரு. மேஸ்திரி அவர சினிமா ஈரோ, ஈரோன்னு கூப்புட்டுக் கூப்புட்டு, இப்ப ஊரே அப்பிடித்தான் கூப்புடுது."

வீடு தகரக்கூரை போட்டது. வாசலில் இருந்த பொன்னி, சடையனின் மனைவி, நான் யாரென்று சொல்வதற்குள் புரிந்துகொண்டார். "சேலத்து சாருங்களா? அவுரு வூட்டுக்குப் பின்னால நின்னுகினு இருக்காரு. வாங்க."

பின்னால் ஒரு வழுக்கைப் பாறை. அதன்மேல் உச்சி வெயிலில், இடுப்புத் துணியும் மருத்துவமனையில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியுமாகச் சடையன் எங்களுக்கு முகம் காட்டாமல் நின்றார்.

"வாங்க சார். செத்த இருங்க, முதுகு இன்னும் ஆவல."

"தோசையாட்டம் திருப்பித் திருப்பிப் போட்டுக்கினு இருக்கேன் சார்," என்றார் பொன்னி.

சிரித்தேன். பிறகு தோள்களைப் பார்த்தேன். கொப்புளம் கட்டி, உடைந்து, மறுபடி கட்டியிருந்தது.

மிச்சமிருந்த மருத்துவமனை மாத்திரைகளைத்தான் சாப்பிட்டுவந்திருக்கிறார். "பொட்டிக்குள்ள நிக்கிறதும் இங்க நிக்கிறதும் ஒண்ணுதான சார்? நம்மாண்ட குந்தியிருந்த வெண்புள்ளிக்காரருக்கு டாக்டரம்மா வெயிலத்தான சொன்னாங்க? நீங்களுந்தான கேட்டுக்கினு இருந்தீங்க."

கேட்டேன்தான். வெண்புள்ளிக்கு அப்படி ஒரு முறை உண்டு. அது வேறு நோய், அதற்கும் டாக்டர் நிமிடக் கணக்கு வைப்பார். அதே மாத்திரை, அதே கண்ணாடி என்றால் அதே வெயில் என்று நினைத்ததில் என்ன வியப்பு? அவர் நினைப்புக்குக் காரணமும் இருந்தது. சேலம் வந்துபோனால் ஒரு நாள் கூலி போகும். மறுநாள் வெயிலில் இறங்கக்கூடாது என்பதால் அதுவும் போகும். வாரத்தில் நாலு நாள் வராத ஆளை மரவள்ளி பிடுங்க எந்த மேஸ்திரி வைத்துக்கொள்வார்?

"நெஞ்சப் பாருங்க, எப்பிடி ஆறிடுச்சி," என்று காட்டினார். உண்மையிலேயே படைகள் மங்கியிருந்தன.

"பெட்டியில எல்லாப் பக்கமும் விளக்கு இருக்கு சடையன். இங்க சூரியன் ஒரு பக்கம்தான். கையைத் தூக்குங்க."

அவர் தூக்கவில்லை. "அங்க ஒண்ணுமில்ல சார்."

"தூக்குய்யா," என்றார் பொன்னி.

மெதுவாகத் தூக்கினார். அக்குளில் வெயிலே படாத படை சிவந்து தடித்திருந்தது. அதன் கீழே கடுக்காய் அளவுக்கு ஒரு கட்டி.

பொன்னி கட்டியை விரலால் தொட்டுப் பார்த்தார். "இத்தினி நாளா திருப்பிக்கினு இருக்கேன். கைய ஒடம்போட ஒட்டிக்கினே நின்னுகினு இருந்தியே, அதுக்குத்தானா?"

"வலிக்கல. வலிச்சா சொல்லியிருப்பேன்."

"இன்னா பெரிய ஈரோ," என்றார் பொன்னி. குரல் உயரவில்லை. உள்ளே போய்ச் சட்டையை எடுத்து வந்து அவர் மேல் போட்டார். "போட்டுக்க. சாரோட பஸ் ஏறு."

"நாளைக்கி மரவள்ளி..."

"நான் போறேன். மேஸ்திரி என்ன இன்னா பேரு சொல்லிக் கூப்புடறான்னு பாக்கறேன்."

அன்று மாத்திரை சாப்பிட்டிருந்ததால் நாலரை மணிப் பேருந்துவரை அவரை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தோம். மலை இறங்கும்போது அவரை நிழல் பக்கம் உட்காரவைத்து, துண்டால் கழுத்தை மூடினேன். பேருந்து கச்சிராயபாளையத்தில் நின்றது. அப்போது சடையன் கேட்டார்: "சார், அந்தக் கட்டிக்குள்ளயும் அதே அணுதான் இருக்குமா?"

"தெரியல. ஊசி குத்திப் பார்ப்பாங்க."

ஞாயிறு என் வீட்டில் தங்கினார். திங்கட்கிழமை ஊசி குத்திப் பார்த்தார்கள். அதே அணுதான். நோய் தோலைத் தாண்டி நெறிக்கட்டிக்குள் போய்விட்டால் இந்த ஒளி அங்கே எட்டாது. ஊசி மருந்துக்காகச் சென்னைக்கு அனுப்பிவிட்டார்கள். இன்னும் சிலகாலம் தாமதித்திருந்தால் அந்த மருந்துக்கும் கட்டுப்படுவது கடினம் என்றார் டாக்டரம்மா. பொன்னி கூடவே இருக்கிறார். சடையனுக்கு எப்படிப் போகும் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. எனக்கு மாத்திரைக்குப் பிறகான அந்த இரண்டு மணி நேரக் காத்திருப்பு மறுபடியும் தனியாகத்தான்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மாத்திரை நாளிலும் மறுநாளும் பயணம் வேண்டாம். முழுக்கைச் சட்டை, தொப்பி, டாக்டர் சொன்ன கண்ணாடி, மூன்றும் கையோடு இருக்கட்டும். மலையில் காற்று குளிர்ச்சியாக இருப்பதால் வெயில் குறைவு என்று தோன்றும், அது பொய். வெள்ளிமலையிலிருந்து மாலைப் பேருந்துகள் கம்மி, நேரத்தை இறங்கியதுமே விசாரித்துவிடுங்கள். பயணத்துக்காகச் சிகிச்சையைத் தள்ள வேண்டியிருந்தால் சொல்லிவிட்டுத் தள்ளுங்கள். மாத்திரையை எடுத்துக்கொண்டு வெயிலில் நிற்காதீர்கள்.

வாரம் ஒருமுறை வீட்டில் யாரையாவது உடம்பு முழுக்கப் பார்க்கச் சொல்லுங்கள்: முதுகு, அக்குள், தொடை இடுக்கு. கையைத் தூக்கிக் காட்டுங்கள். எனக்கு அப்படிப் பார்க்க ஆளில்லை. போன வியாழன் பெட்டிக்குள் போகும் முன் செவிலியரிடம் கேட்டேவிட்டேன். கூச்சமாகத்தான் இருந்தது. அவர் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு, "சரிங்க சார், வெளிச்சத்துப் பக்கமா வாங்க," என்றார்.