கடைக்கு வயது பத்து

என் கணவருக்கு வாடகைச் சுவர் என்றால் ஆகாது. வாடகை வீட்டில் இருந்தவரை ஒரு நாள்காட்டி மாட்டக்கூட அவர் ஆணி அடித்ததில்லை. "அடுத்தவன் செவுத்துல நாம ஏன் ஆணி அடிக்கணும்?" என்பார். எங்கள் நாள்காட்டி வருடம் முழுவதும் அரிசி டப்பாவின் மேல் சாய்ந்தே நின்றது.

இந்தக் கொள்கை சும்மா வந்ததல்ல. மலேசியாவில், எங்கள் ஊரான தங்காக்கில், எங்கள் முதல் துணிக்கடை வாடகைக் கடை. கடைச் சொந்தக்காரரின் மருமகனுக்குத் திடீரென்று பபிள் டீ விற்கும் ஆசை வந்தது. மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பக்கத்துத் தெருவில் அவசரமாக ஓர் இடம் பிடித்தோம். பழைய கடையின் இரும்புக் கதவில் "கடை மாறிவிட்டது" என்று புது விலாசம் எழுதிப் பெரிய தாள் ஒன்றை ஒட்டிவிட்டு வந்தார் இவர். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் தாளைக் கிழித்திருந்தார்கள். தங்காக்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் துணிக்கடைதான். எங்களைத் தேடி பத்து பகாட் என்ற ஊரிலிருந்து வந்தவர்கள் பபிள் டீ குடித்துவிட்டு, வேறு கடையில் சேலை எடுத்துக்கொண்டு போனார்கள். கடையைப் பிடுங்கியதைக்கூட இவர் மறந்துவிட்டார். அந்தத் தாளைக் கிழித்ததை மட்டும் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பிறகு வங்கியில் கடன் வாங்கி ஒரு கடையைச் சொந்தமாகவே வாங்கினார். திறப்பு விழாவன்று பூசை முடிந்ததும் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுத்த வேலையாக ஏணியில் ஏறி ஆணி அடிக்க ஆரம்பித்தார். எதற்கென்று தெரியாத ஆணிகள் இரண்டு மூன்று இன்னும் கடையில் இருக்கின்றன. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அவற்றைப் பற்றிக் கேட்பார்கள், நான் இவரைக் கைகாட்டிவிடுவேன்.

இப்பேர்ப்பட்ட மனிதர்தான் சில வருடம் கழித்து எங்கள் வியாபாரம் முழுவதையும் தூக்கிக்கொண்டுபோய் ஒரு கைப்பேசிச் செயலிக்குள் வைத்தார். பெயர் எதற்கு? உங்கள் கையில் இருக்கும் கைப்பேசியிலும் அது இருக்கும்.

அதில் கடையின் பெயரில் ஒரு கணக்கு. கடைக்கென்று தனி வகைக் கணக்கு இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியாது. மனிதர்கள் தொடங்குவது போலவே தொடங்கியிருந்தார். தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் கேமரா முன் நின்று சேலைகளைத் தோளில் போட்டுக் காட்டுவேன். "ஹாய் சிஸ், இந்தக் கலர் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, வேணும்னா பி.எம். பண்ணுங்க சிஸ்" என்று நான் கூவும்போது, மனிதவள அதிகாரியாகச் சிங்கப்பூரில் வேலை பார்த்த என் பழைய வாழ்க்கை எனக்கே நம்பமுடியாததாக இருக்கும். ஆனால் வியாபாரம் ஓடியது. அதிலும் தீபாவளிக் குடும்ப செட்டு. இங்கே இப்போது குடும்பம் மொத்தமும் ஒரே நிறத்தில் உடுத்தாவிட்டால் அது தீபாவளியே இல்லை. அப்பாவுக்கு ஜிப்பா, அம்மாவுக்குச் சேலை, பிள்ளைகளுக்கு அளவுக்கேற்றாற்போல் பாவாடையும் குட்டி ஜிப்பாவும். நிறம், அளவு, யார் எவ்வளவு குண்டு என்பதெல்லாம் செயலியின் செய்திப் பெட்டிக்குள் வந்து விழும். தைத்துவைப்போம். வந்து வாங்கும்போது பணம் கொடுப்பார்கள்.

"நமக்குன்னு ஒரு வெப்சைட் வச்சுக்கலாங்க" என்று நான் சொல்லாத வருடம் இல்லை.

"எதுக்கு? இங்க எல்லாம் சும்மா கெடைக்குதுல்ல."

"சும்மா கொடுக்கிறவன் நாளைக்கு எந்திரிச்சுப் போன்னு சொன்னா?"

"அலமாக்! ஊரே அங்கதான் இருக்கு. நம்மள மட்டும் போகச் சொல்லுவானா?"

பபிள் டீ கடைக்காரரின் மாமனாரும் இப்படித்தான் சிரித்த முகமாக இருந்தார் என்பதை நினைவுபடுத்தினேன். அதற்கு அவர், "அது செவுரு, இது காத்து. காத்துக்கு ஏது சொந்தக்காரன்?" என்றார். தத்துவம் பேச ஆரம்பித்த கணவனிடம் வாதாடிப் பயனில்லை என்று விட்டுவிட்டேன்.

சொந்தக் கடைக்குப் பத்து வருடம் நிறைந்தது. பிள்ளைக்குப் பிறந்தநாள் வந்தது போல இவருக்கு ஒரே கொண்டாட்டம். தள்ளுபடி, பலூன், வருகிறவர்களுக்கெல்லாம் கேசரி. அந்த உற்சாகத்தில் செயலிக்குள் போய்ப் பிறந்த தேதி என்று இருந்த இடத்தில் தன்னுடையதை அழித்துவிட்டுக் கடை திறந்த தேதியைப் போட்டார். உலகமே கடைக்கு வாழ்த்துச் சொல்லட்டும் என்ற நல்லெண்ணம். நிச்சயமா என்று செயலி கேட்டிருக்கிறது. நிச்சயம் என்று அழுத்தியிருக்கிறார். திரையில் பலூன்கள் பறந்தனவாம். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

மறுநாள் மத்தியானம் நான் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறேன், கணக்கு திறக்கவில்லை. பதின்மூன்று வயது நிரம்பாதவர்கள் இந்தச் சேவையைப் பயன்படுத்த முடியாது என்று பண்பாக ஓர் அறிவிப்பு. எங்கள் கடைக்கு வயது பத்து.

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாதுதான், அடக்க முடியவில்லை. இவர் சிரிக்கவில்லை. தீபாவளிக்கு அதிக நாள் இல்லை.

வயதை நிரூபிக்க அடையாள அட்டையை அனுப்பச் சொன்னார்கள். தன்னுடையதை அனுப்பினார். கணக்கில் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் ஒன்றல்ல என்று பதில் வந்தது. கடையின் பதிவுச் சான்றிதழை அனுப்பினார். இது தனிநபர் அடையாள ஆவணம் அல்ல என்றார்கள். பேச ஒரு மனிதர் கிடைப்பாரா என்று தேடினோம், கிடைக்கவில்லை. "பழைய கடைக்காரனாவது நேர்ல வந்து போகச் சொன்னான்லா" என்றார் இவர். அவரைப் பற்றி இவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அதுதான்.

எனக்குச் சிரிப்பு நின்றது மேல்மாடிக்குப் போனபோது. தைத்து முடித்த குடும்ப செட்டுகள் வரிசையாகத் தொங்கின. மயில்கழுத்து நிறத்தில் ஒன்று, சிகாமட்டில் இருக்கும் ஓர் ஆசிரியைக்கு: பெரிய வயிற்றோடு ஓர் அப்பா ஜிப்பா, ஒரு சேலை, இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே அளவில் இரண்டு பாவாடை, இன்னும் நடக்காத ஒரு குழந்தைக்கு உள்ளங்கையகல ஜிப்பா. இதை வேறு எந்தக் குடும்பத்துக்கு விற்பது? அதே மாதிரி இரட்டைப் பிள்ளையும் அதே வயிறும் உள்ள இன்னொரு குடும்பத்தை எங்கே தேடுவது? இவர்களில் யாருடைய தொலைபேசி எண்ணும் எங்களிடம் இல்லை. எல்லாம் செய்திப் பெட்டிக்குள். சொந்தப் பெயர்கூடச் சரியாகத் தெரியாது; "அப்பா செல்லம்", "சிரிக்கும் ரோஜா" என்றுதான் எங்களுக்குப் பழக்கம். அந்த வருடச் சம்பாத்தியம் முழுவதும் ஹேங்கரில் தொங்கிக்கொண்டிருந்தது.

இதற்குள் ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. கணக்கு காணாமல் போனதும் கடை நொடித்துப்போய்விட்டது என்றார்கள் சிலர். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய் முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார் என்றார்கள். தங்காக்கில் கடை திறந்து, விளக்குப் போட்டு, முதலாளி வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். ஆனாலும் கைப்பேசியில் இல்லாதவர் உயிரோடு இருப்பதாக யாரும் நம்பத் தயாராக இல்லை.

நான் இவரிடம் கேட்கவில்லை. கடையின் பெயரிலேயே ஒரு முகவரியைப் பதிவு செய்து, இருந்த படங்களை எல்லாம் போட்டு, மேலே தொலைபேசி எண்ணும் வழியும் எழுதி ஓர் இணையதளத்தை நானே உண்டாக்கினேன். முதல் பக்கத்திலேயே "குடும்ப செட்டுகள் தயார், கூப்பிடுங்கள்" என்று பெரிதாகப் போட்டேன். இவர் எட்டிப் பார்த்தார்.

"வருஷா வருஷம் காசு கட்டணுமாமே? அப்ப இதுவும் வாடகைதானே?"

"சொந்தக் கடைதான், அதுக்கும் சுக்காய் பிந்து கட்டுறோம்ல?" என்றேன். சுக்காய் பிந்து என்றால் கதவு வரி, நகராட்சிக்குக் கட்டுவது; அதைக் கட்டிக் கட்டிப் பழகிய மனிதர் இதையும் செலவுக் கணக்கில் எழுதிக்கொண்டார்.

சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. யாரும் இதயம் போடவில்லை, "அழகு சிஸ்" என்று எழுதவில்லை. சுடுகாடு மாதிரி இருக்கிறது என்றார் இவர். அதற்குப் பிறகு ஒரு காலை கடைத் தொலைபேசி அடித்தது. இவர்தான் எடுத்தார். பேச்சு வெளியே கேட்கும்படி வைப்பது இவர் வழக்கம்.

"சிகாமட்லேர்ந்து டீச்சர் பேசுறேன். கடைப் பேரைத் தேடிப் பார்த்தேன், இந்த நம்பர் வந்துச்சு. அண்ணன் தவறிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். மனசே சரியில்ல. இந்த நேரத்துல கேக்கக் கூடாது... எங்க மயில்கழுத்து செட்டு தைச்சாச்சா?"

"தைச்சாச்சும்மா" என்றார் இவர். "நான்தான் பேசுறேன்."



அந்த வார இறுதியில் டீச்சர் குடும்பத்தோடு காரில் வந்து இறங்கினார். இவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். குழந்தைக்குக் குட்டி ஜிப்பா அப்போதே இறுக்கமாகத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் நுழைந்திருக்காது. மற்றவர்களும் அதே மாதிரி தேடிக் கூப்பிட்டு ஒவ்வொருவராக வந்தார்கள். "சிரிக்கும் ரோஜா" மட்டும் வரவேயில்லை. அவருடைய ஊதா செட்டு இன்னும் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். யார்மேல் என்றுதான் சரியாகத் தெரியவில்லை.

தீபாவளி முடிந்து முறுக்கெல்லாம் தீர்ந்த பிறகு ஒருநாள் கணக்கு தானாகத் திறந்துகொண்டது. மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. இவருக்கு வந்த மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டுமே! பிரிந்து போன தம்பி திரும்பி வந்தது போல உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் பார்த்தார். இனி இணையதளத்தை மறந்துவிடுவார், நாளையிலிருந்து மறுபடி "ஹாய் சிஸ்" என்று எனக்குள் எரிச்சல் மூண்டது.

மறுபடி "ஹாய் சிஸ்" தான். ஆனால் ஒரு மாற்றம் இருந்தது. எந்தப் படத்தைப் போட்டாலும், எதைப் பற்றி எழுதினாலும், கடைசி வரியில் எங்கள் இணையதள முகவரியைச் சேர்த்துவிடுகிறார். பொங்கல் வாழ்த்துக்குக் கீழேயும் அதுதான். கைக்குட்டைத் தள்ளுபடிக்குக் கீழேயும் அதுதான்.

"என்னங்க இது, ஒவ்வொண்ணுலயும்?" என்று கேட்டேன்.

கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "தாள் ஒட்டி வைக்கிறேன். கிழிக்கிறதுக்குள்ள எத்தனை பேரு படிக்கிறாங்களோ, படிச்சுக்கட்டும்."