ஆல்பேர் முசியேயின் சோப்பும் அஞ்சலை அக்காவின் கண்ணும்

ஆல்பேர் முசியே போய்விட்டாராம். காலையிலிருந்து ஆறு பேர் அதே போட்டோவை எனக்கு அனுப்பிவிட்டார்கள்.

வெள்ளைச் சட்டை, கையில் பச்சை சோப்பு. கீழே "குப்பைக்குப் போகும் சோப்புக்கு மறுவாழ்வு தந்த மாமனிதர்" என்று ஒரு வரி... மூன்று கண்ணீர் பொம்மை.

மாமனிதராம். எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

சுனாமிக்கு அடுத்த வருடங்களில் அவரிடம் வேலை பார்த்தவள் நான். புதுச்சேரி லாஸ்பேட்டையில் அவர் வீட்டுப் பின்பக்கம் ஷீட் போட்ட கொட்டகை, அதற்குப் பெயர் சோப்பு யூனிட். தவளக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்துப் போவேன். நம்மூர்க்காரர்தான், ஆனால் பிரெஞ்சு அரசாங்கத்தின் பென்ஷன் வாங்குபவர் என்பதால் எல்லோருக்கும் அவர் முசியே, அதாவது பிரெஞ்சில் ஐயா.

மறுவாழ்வு எப்படி நடந்தது தெரியுமா?

பீச் பக்கத்து கெஸ்ட் ஹவுஸ்களில் ஆட்கள் குளித்துவிட்டு விட்டுப்போகிற துண்டு சோப்புகள் மூட்டையாக வரும். யார் முதுகைத் தேய்த்ததோ... அதில் ஒட்டியிருக்கும் முடியை ஊசியால் எடுப்பது என் வேலை.

பிறகு கேரட் துருவியில் துருவி, வெந்நீரில் உருக்கி, வெட்டிவேர்ப் பொடியும் பச்சைச் சாயமும் போட்டு அச்சில் ஊற்றினால் பரம்பரை மூலிகை சோப்பு ரெடி. அவருடைய அம்மாவின் கைப்பக்குவம் என்று பிரெஞ்சில் கதை விடுவார். அதே கெஸ்ட் ஹவுஸில் தங்கியவர்கள் மோந்து பார்த்து, உருகிப்போய் வாங்குவார்கள்.

அவர் குளிப்பது மட்டும் பாரிஸிலிருந்து மகன் அனுப்புகிற சோப்பில்.

ஒரு தடவை எங்களிடமே கேட்டார். "உங்க வீட்ல தேஞ்சுபோன சோப்பு கெடந்தா எடுத்தாங்களேன். வீணாத்தான போவுது?"

என்னோடு வேலை பார்த்த அஞ்சலை அக்கா பட்டென்று சொன்னார். "எங்க வீட்ல தேஞ்சத புதுசு மேல ஒட்டிடுவோம் முசியே. வீணாக்க நாங்க என்னா பணக்காரங்களா?"

அக்காவுக்கு ஊர் வைத்திக்குப்பம். சுனாமிக்குப் பிறகு மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களுக்கு சோப்பு செய்யப் பயிற்சி கொடுத்தார்களே, அதில் கற்றவர். அந்தக் கொட்டகையில் புதிதாக சோப்பு என்று ஏதாவது உருவானால், அது அக்கா தேங்காயெண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்த்துக் கிளறியதுதான்.

வாளியில் முதலில் தண்ணீர். அதில்தான் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். மாற்றிச் செய்தால் பொங்கித் தெறிக்கும். "கொழம்புக்கு உப்பு போடுற மாரி போடணும்டி. உப்பு மேல கொண்டாந்து கொழம்ப கொட்டுவியா?" என்பார்.

முசியேவுக்கு இது எதுவும் தெரியாது. காஸ்டிக் டப்பாவைத் திறந்தாலே இருமிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விடுவார்.

ஒரு நாள் வெளிநாட்டு ஜோடி ஒன்று கேமராவோடு வந்தது. சோப்பு செய்வதைக் காட்டச் சொன்னார்கள். அக்கா செய்வதை எடுக்கட்டும் என்று சும்மா இருந்திருக்கலாம்... இவரா இருப்பார்?

"நீ நவுரு அஞ்சல. நான் செஞ்சி காட்றேன்."

காஸ்டிக் மொத்தத்தையும் வாளியில் கொட்டினார். அப்புறம் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, காப்பி ஆற்றுகிற மாதிரி, தண்ணீர்ச் சொம்பை உயரத் தூக்கினார்.

"வேணாம் முசியே, அப்டி இல்ல..." என்று அக்கா குறுக்கே பாய்ந்தார். அதற்குள் தண்ணீர் விழுந்துவிட்டது. முசியே பின்னால் துள்ளிவிட்டார். பொங்கித் தெறித்த காஸ்டிக் அக்காவின் முகத்தில் அடித்தது.

குழாயடிக்கு இழுத்துப் போய்த் தண்ணீராக ஊற்றினேன். கேமரா ஜோடி அதற்குள் கிளம்பிப் போய்விட்டிருந்தது. பிறகு ஆஸ்பத்திரி. எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டார்.

"எத்தினிவாட்டி சொல்லியும் கேக்கல டாக்டர். தண்ணிய மாத்தி ஊத்திட்டா" என்றார் முசியே. என் பக்கம் திரும்பினார். "நீதான பக்கத்துல இருந்த? சொல்லு."

"ஆமாம் சார்" என்றேன்.

எனக்கு அப்போது இருபது வயது. வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். சாக்கு சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். அக்கா ஒரு கண்ணால் என்னைப் பார்த்தார். இடது கண்ணில் பார்வை திரும்பவே இல்லை.

அடுத்த வாரமே முசியே வேறு ஆள் வைத்தார். கொட்டகைக் கதவில் "கவனக்குறைவுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று போர்டும் மாட்டினார்.

சில மாதங்களுக்கு முன் ஒரு கல்யாணத்தில் அக்காவையும் அவர் மகள் தேவியையும் பார்த்தேன். பந்தியில் தேவி சிரித்துக்கொண்டே சொன்னாள்... "எங்கம்மா அவசரக்காரிக்கா. தண்ணிய மாத்தி ஊத்தி கண்ண போக்கிக்கிச்சு. இன்னிக்கும் அப்பா அத சொல்லித்தான் திட்டுவாரு."

அக்கா பக்கத்திலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மறுக்கவில்லை. முதலில் மறுத்துத்தான் பார்த்திருப்பார். கூட இருந்த நானே ஆமாம் என்ற பிறகு யார் நம்பியிருப்பார்கள்? நானும் இலையைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். முசியேவை விட அன்று என் மேல்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

இன்று அந்த போட்டோவை அனுப்பியவர்களில் தேவியும் ஒருத்தி. "அம்மாவோட பழைய முதலாளிக்கா... பாவம்" என்று.

தேவி, இதை உனக்காகத்தான் எழுதுகிறேன். உன் அம்மா தண்ணீர் ஊற்றவில்லை. ஊற்றியது அந்த ஆள். தடுக்கப் போனதுதான் உன் அம்மா. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பொய் சொன்னேன். இதை உன் அப்பா காதில் விழுகிற மாதிரி சத்தமாகப் படி.

நாலு மணிக்கு அடக்கமாம்.

போய்ச் சேருங்கள் முசியே... அந்த நேரம் நான் வைத்திக்குப்பத்தில், அஞ்சலை அக்கா வீட்டில் இருப்பேன்.