எனக்கென்று ஒதுக்கிய டம்ளர்

அறுபதுகளின் கடைசியில் கிருஷ்ணகிரியில் ஓர் ஆஸ்பத்திரியில் எனக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. தையல் போட்ட இடம் சீழ் பிடித்து, வலி விடவில்லை. வேளைக்கு ஒன்றாக, சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் போடச் சொல்லி வலி மாத்திரை கொடுத்து ஓசூருக்கு அனுப்பினார்கள். சில வாரங்களில் காய்ச்சல், வறட்டு இருமல். குடத்தைத் தூக்கினாலே மூச்சு வாங்கியது.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நுரையீரலில் நிழல் இருக்கிறது, டிபியாகத்தான் இருக்கும், ஈஸ்டர் முடிந்ததும் சானடோரியத்தில் சேர்த்துவிடலாம் என்றார். அன்றைக்கே என் மாமியார் எனக்கென்று ஓர் அலுமினிய டம்ளரை ஒதுக்கி ஜன்னலில் வைத்தார். இரண்டு வயது மகளை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"எட்டயே இரு கண்ணு, கொழந்தைக்கு ஒட்டிக்கும்."

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

ஒருவேளை மட்டும் உண்ணும் ஒருசந்தி நோன்பு நோயாளிக்குக் கடமையில்லை என்று பங்குச் சாமியாரே சொன்னார். நான் வீம்புக்கு இருந்தேன். பெரிய வெள்ளியும் சனியும் கஞ்சித்தண்ணீர்தான். சாப்பாடு இல்லாததால் மாத்திரையும் போடவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் இருமாமல் கோயில் படி ஏறினேன். ஜெபத்தின் பலன் என்று மாமியார் முழங்காலிட்டார். ஈஸ்டர் ஞாயிறு கறிச்சோறு தின்று மறுபடி மாத்திரை போட்டேன். திங்கட்கிழமை மூச்சு அடைத்தது. ஜெபத்துக்கு இரங்கிய ஆண்டவர் ஈஸ்டர் பார்த்தா கைவிடுவார்? அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

சானடோரியத்துக்குக் கட்டிய பெட்டியோடு கணவரும் நானும் கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறினோம். சூளகிரி தாண்டும்வரை சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"மாத்தரைய நிறுத்துனா மூச்சு வருதுங்க. போட்டா அடைக்குதுங்க" என்றேன் டாக்டரிடம்.

"வலி மாத்திரைக்கும் நுரையீரலுக்கும் என்னம்மா சம்பந்தம்? நீங்க டாக்டரா?"

"மூச்சு என்னுதுங்க. நிறுத்திப் பாத்துட்டு இன்னொரு படம் எடுங்க. அதுவரைக்கும் நான் எங்கயும் போகமாட்டங்க."

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. சளியில் கிருமி தென்படாததால் டாக்டர் அரைமனதாக ஒப்புக்கொண்டார்.

வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்தேன். அடுத்த படத்தில் நிழல் பாதி கரைந்திருந்தது. அதற்கடுத்ததில் சுத்தமாக இல்லை. "மாத்திரை ஒத்துக்கல போல" என்று டாக்டர் முனகினார்.

வீட்டுக்கு வந்ததும் ஜன்னலிலிருந்த டம்ளரை எடுத்துப் பால் ஊற்றினேன். எல்லோரும் பார்க்க, உதடு வைத்துப் பாதி குடித்தேன். மாமியாரின் மடியிலிருந்த மகளைத் தூக்கி, மிச்சத்தை அவளுக்குப் புகட்டினேன். மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"சொல்லுங்க அத்தே" என்றேன்.

மகள் டம்ளரை நீட்டி இன்னும் கேட்டாள்.