அக்கா புத்தகத்துக்கு நான் போட்ட அட்டை

புதுப்பட்டினம் பஜாரில் ஒரு பிளக்ஸ் பேனர் கடையில் டிசைன் வேலை பார்க்கிறேன். எட்டாவதுக்கு மேல் எனக்குப் படிப்பு ஏறவில்லை. எழுத்தைப் படிப்பதைவிட அதை இழுத்து அகலமாக்கிக் கலர் ஊற்றுவதுதான் எனக்குச் சுலபம். என் அக்கா அப்படி இல்லை. போண்டா மடித்து வந்த பேப்பரைக்கூட எண்ணெயைத் துடைத்துவிட்டுப் படிப்பாள். பாதியில் கிழிந்திருந்தால் மீதியை அவளே சொல்லி முடிப்பாள்.

சாயங்காலம் எங்கள் குப்பத்து வலைக் கொட்டகையில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். பாடம் கொஞ்சம்தான், மீதி நேரமெல்லாம் கதை. டிக்கெட் எடுக்காமல் கல்பாக்கம் பஸ்ஸில் போன பூனை, மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர் தொப்பிக்குள் முட்டை போட்ட காக்கா, வாடகைக்கு வீடு தேடிய நண்டு, இப்படி அவளாகவே கட்டிச் சொல்வாள். அப்புறம் அதைப் போனில் எழுதி, செங்கல்பட்டில் சின்னதாகப் பதிப்பகம் வைத்திருந்த ஒரு சிநேகிதிக்கு அனுப்புவாள். அந்த மேடம்தான் இதையெல்லாம் புத்தகமாகப் போடலாம் என்றார். ‘நண்டு வூட்டுக்கு எத்தினி வாசல்’ என்று பெயரும் வைத்தாகிவிட்டது. அதற்குள் மழைக்காலம் வந்தது, காய்ச்சல் வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போன அக்கா திரும்பி வரவில்லை. இதை இதற்கு மேல் எனக்கு எழுத வராது.

அக்காவுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் போட்டது நான்தான். கடை ஓனரை நான் அண்ணாத்த என்று கூப்பிடுவேன். அவர் என் கையிலிருந்து மவுஸை வாங்கப் பார்த்தார், நான் தரவில்லை. வேறு யாராவது போட்டால் அவள் முகத்தை இழுத்துக் கெடுத்துவிடுவார்கள் என்று தோன்றியது. பெரியம்மா மகன் கல்யாணத்தில் எடுத்த போட்டோ அது. என் தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். பேனருக்கு அவள் முகம் மட்டும்தானே வேண்டும்? என்னை வெட்டி எடுத்தேன். அப்புறம் தோள் இல்லாமல் அந்தரத்தில் நின்ற அவள் கையையும் அழித்தேன். பின்னால் நீல வானம், மேகம், தலையைச் சுற்றி வெளிச்சம். எல்லோருக்கும் போடுகிற மாதிரிதான்.

சில மாதம் கழித்து மேடம் போன் பண்ணினார். புத்தகத்தை நிறுத்தவில்லை, வேலை நடக்கிறது, ஒரு தடவை வந்துவிட்டுப் போ என்றார். திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்துப் போனேன். கூடத்தில் புத்தகக் கட்டுகளை நகர்த்திவிட்டு எனக்கு உட்கார இடம் பண்ணினார். அட்டைக்கு ஆள் பார்த்திருப்பார், அக்கா போட்டோ கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று நினைத்திருந்தேன். அவர் அட்டையை என்னையே போடச் சொன்னார். எனக்குத் தெரியாது மேடம், நான் பேனர் போடுகிறவன் என்றேன்.

“உங்கக்கா முதல்லயே சொல்லிட்டா தம்பி. ‘எம் புக்குக்கு எந்தம்பிதான் அட்டை போடுவான், கல்யாண பேனர் மாதிரி போட்டான்னா ஒதப்பேன்’னா.”

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் அழுகை வந்தது.

என் எழுத்தை அக்கா எப்போதும் கிண்டல் பண்ணுவாள். கடைக்கு வந்தால் என் பின்னால் நின்று பார்ப்பாள். “இன்னாடா, உன் எழுத்துங்க எல்லாம் பட்டு வேட்டி கட்டிகினு மொய் வாங்க நிக்கிற மாரியே கீது? ஒரு நாளு அதுங்கள லுங்கில உட்டாதான் இன்னா?” என்பாள். அண்ணாத்த விழுந்து விழுந்து சிரிப்பார்.

எங்கள் கடையில் யாரும் வெறும் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க மாட்டோம். அதற்கெல்லாம் நேரம் இல்லை. பழைய பைலைத் திறப்போம், போட்டோவை மாற்றுவோம், பெயரை மாற்றுவோம், முடிந்தது. ஒரு தடவை காதுகுத்து பேனரில் ‘மணமக்களை வாழ்த்தும் நண்பர்கள்’ அப்படியே போய்விட்டது. மொட்டை போட்ட குழந்தை மேலே சிரிக்கிறது, கீழே மணமக்கள். தாய்மாமன் கடைக்கு வந்து, பொண்ணையும் நீங்களே பாத்துக் குடுத்துடுங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா அட்டையையும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அவள் முகம் வெட்டி வைத்திருந்த பைலைத் திறந்தேன். அளவைப் புத்தக அளவுக்குச் சுருக்கினேன். கீழே இருந்த வரிகளை எடுத்துவிட்டுப் புத்தகத்தின் பெயரை வைத்தேன். கடையிலேயே தடிமனான எழுத்து, சுற்றி வெள்ளைக் கோடு, அதைச் சுற்றிச் சிவப்பு, அதற்குப் பின்னால் நிழல். பஸ்ஸில் போகிறவன் படிக்க வேண்டும் என்பதுதான் அண்ணாத்த எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே சட்டம். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. போட்டோ பேப்பரில் பிரிண்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அம்மா மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள்.  டிவி ஸ்டாண்டில் அக்கா படம் இருக்கிறது. அதன் பக்கத்தில் அட்டையைச் சாய்த்து வைத்தாள். குங்குமம் எடுத்து அட்டையில் இருந்த அக்கா நெற்றியில் வைத்தாள். படத்தின் மேல் இருந்த பூவில் கொஞ்சம் கிள்ளி அட்டைக்கும் வைத்தாள். அம்மாவுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது பக்கத்து வீட்டுச் சின்னப் பெண் வாசலில் வந்து நின்றாள். அக்காவிடம் டியூஷன் படித்தவள், மூன்றாவது போகிறாள். அக்கா பையில் எது இருந்தாலும் கேட்காமல் எடுத்துப் பார்க்கிற பெண். டீச்சரோட புக்கு அட்டை, வந்து பார் என்று அவளைக் கூப்பிட்டேன். அவள் உள்ளே வரவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“வேணாம்ணா. அது செத்தவங்களுக்குப் போடறது.”

அம்மா சட்டென்று அடுப்படிப் பக்கம் போய்விட்டாள். நான் அட்டையைப் பார்த்தேன். நீல வானம். மேகம். தலையைச் சுற்றி வெளிச்சம். புத்தகத்தின் பெயரைவிட அக்கா பெயர் இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது, முன்னால் செல்வி போட்டு. மூலையில் ஒரு வெள்ளைப் புறா. அந்தப் புறாவை நான் கவனிக்கவே இல்லை. அவள் எழுதிய கதை எதிலும் யாரும் சாக மாட்டார்கள். அந்தப் புத்தகத்தைத் தொடவே பிள்ளைகள் பயப்படுகிற மாதிரி நான் அட்டை போட்டு வைத்திருந்தேன்.

மறுநாள் புதுப் பக்கம் திறந்தேன். வெறும் வெள்ளையைப் பார்த்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கடற்கரைக்கு நடந்து போனேன். ஈர மணலில் நண்டு வளைகள். ஒவ்வொரு வளையையும் சுற்றி அது உருட்டிப் போட்ட மண் உருண்டைகள். காலடிச் சத்தம் கேட்டு எல்லா நண்டும் உள்ளே ஓடிவிட்டன, ஓட்டைகள்தான் மிச்சம். குனிந்து அதைப் போட்டோ எடுத்தேன். அட்டை முழுக்க அந்த மணலை வைத்தேன். நண்டு வேண்டாம். அது எந்த வாசல் வழியாக வரும் என்று பிள்ளைகள் தேடட்டும்.

எழுத்துதான் அடங்கவில்லை. தடித்த எழுத்தைச் சுற்றிக் கோடு போட்டதும் ‘ண்’ணின் சுழியெல்லாம் அடைத்துக்கொண்டது. நண்டு வளையில் மண்ணைப் போட்டு மூடின மாதிரி இருந்தது. சிவப்புக் கோட்டை எடுத்தேன். வெள்ளைக் கோட்டை எடுத்தேன். நிழலையும் எடுத்தேன். பிரிண்ட் எடுத்து, அக்கா படிக்கிற மாதிரி தரையில் குப்புறப் படுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். இத்தனை கிட்டத்தில் இருக்கிறவரிடம் அந்த எழுத்து இன்னும் கத்தத்தான் செய்தது. கம்ப்யூட்டரில் இருந்த எழுத்து வகை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் ஒன்று கிடைத்தது. ஒல்லி என்று சொல்ல முடியாது, கொஞ்சம் கால் அகட்டி நிற்கும், சுழியெல்லாம் நன்றாகத் திறந்திருக்கும். பேனருக்கு ஆகாது என்று நாங்கள் தொடாமல் விட்டது. அதில் புத்தகத்தின் பெயரை வைத்தேன். அடியில் சின்னதாக அக்கா பெயர், செல்வி இல்லாமல்.

அண்ணாத்த பின்னால் வந்து நின்றார். “இன்னாடா எழுத்து இது, ஒரு ஷேடோகூட இல்லாம தேமேன்னு நிக்குது?”

“லுங்கி கட்டிகினு கீது அண்ணாத்த.”

அவர் என் தலையில் கை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “எம் பொண்ணு மூஞ்சி இல்லாம இன்னாடா புக்கு? யார்துன்னு நெனப்பாங்க?” என்று கேட்டாள். அவள் முகத்தைப் போட்டால் பிள்ளைகள் தொட மாட்டார்கள் என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது?  போனில் இருந்த அந்தக் கல்யாணப் போட்டோவைத் தேடி எடுத்தேன், வெட்டாததை. பின் அட்டையின் மூலையில் சின்னதாக வைத்தேன். அக்கா சிரிக்கிறாள், கை யாரோ ஒருவன் தோளில் இருக்கிறது. அந்தத் தோளோடு என்னை நிறுத்திவிட்டேன். இந்தத் தடவை கையை அழிக்கவில்லை. அதற்கு எதிர் மூலையில் ஒரு வளையிலிருந்து நண்டின் ஒரு கால் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி வரைந்து வைத்தேன்.

மேடத்துக்கு அனுப்பினேன்.  அப்புறம் ‘உதைக்க மாட்டா’ என்று மட்டும் அனுப்பினார்.

புத்தகம் அச்சாகி வந்ததும் செங்கல்பட்டுக்குப் போய் முதல் பிரதியை வாங்கிவந்தேன். அம்மா அதை டிவி ஸ்டாண்டில் வைத்தாள். குங்குமச் சிமிழைத் திறந்து விரலில் தொட்டுக்கொண்டு நின்றாள். மணலும் எழுத்தும்தான் இருக்கிறது, பொட்டு வைக்க நெற்றி இல்லை. திருப்பினாள். போட்டோவைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

“இது உன் தோளுதானேடா?”

ஆமாம் என்றேன். அம்மா விரலில் இருந்த குங்குமத்தைத் தன் நெற்றியிலேயே வைத்துக்கொண்டாள். புத்தகத்தை வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனாள். நான் முகம் கழுவக் கொல்லைப்பக்கம் போனேன். திரும்பி வந்து பார்த்தால் புத்தகம் இல்லை. தண்ணீர்க் குடத்தை வாசலில் இறக்கிய கையோடு அம்மாவும் அதைக் கவனித்தாள். யார் எடுத்திருப்பார்கள் என்று கேட்கக்கூட இல்லை, நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். ஏதோ சத்தம் போடப் போகிறாள் என்று வாசலில் நின்றேன்.

வெறும் கையோடு வந்தாள்.

“திருப்பித் திருப்பிப் பாத்துகினு கீது. நண்டு எங்க, நண்டு எங்கன்னு கேக்குது. படிச்சிட்டே குடுக்கட்டும்” என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.