பெலிக்ஸ் பேரில் எடுத்த முகவரி

சுடர்விழிக்குக் கோபம் வந்தால் கையிலுள்ள சாக்பீஸ் உடையும். ஆவுடையார்கோவில் பக்கத்து அரசுப் பள்ளியில் பதினெட்டு வருஷமாக இயற்பியல் நடத்துகிறாள். பக்கத்து வகுப்பில் நான் கணக்கு. கொரோனாவில் பள்ளியைப் பூட்டியபோது, பிள்ளைகள் காசில்லாமல் படிக்கட்டும் என்று பாடங்களை எளிய தமிழில் எழுத ஆரம்பித்தாள். அதை இணையத்தில் ஏற்றித் தந்தவன் எங்கள் கம்ப்யூட்டர் வாத்தியார் பெலிக்ஸ்.

பொறுமையாகத்தான் விளக்கினான். "டொமைன்னா வீட்டு முகவரி மாதிரிக்கா. ஹோஸ்டிங்னா வீடு நிக்கிற எடம். எடத்த மாத்துனாலும் முகவரி மாறாது. ஒங்க பேர்ல எடுக்கவா?"

"எனக்கு அந்த ஓடிபி, ஈமெயில் எல்லாம் ஒத்துவராது தம்பி. ஒன் பேர்லயே எடுத்துரு."

எங்கள் பக்கம் இது புதிதில்லை. சிம் கார்டு மச்சினன் பேரில் இருக்கும், கேஸ் கனெக்‌ஷன் மாமியார் பேரில் இருக்கும். நானும் அன்று தலையாட்டினேன். என்னையும் சேர்த்துத்தான் திட்டிக்கொள்கிறேன்.

ஐந்து வருஷம், ஞாயிறு என்றும் பாராமல் எழுதினாள். இந்த ஜூனில் பிள்ளைகள் வந்து நின்றார்கள். "மிஸ், ஒங்க சைட்டுல பணம் கட்டச் சொல்லுது."

திறந்து பார்த்தோம். அதே முகவரி. மேலே ஏதோ டியூஷன் சென்டர் பெயர். உள்ளே அவளுடைய பாடங்கள், ஆலங்குடி பஸ் பிரேக் போட்டால் நாம் ஏன் முன்னால் சாய்கிறோம் என்ற உதாரணம் உட்பட. அவள் பெயரை மட்டும் காணோம். ஏப்ரலில் வேலையை விட்ட பெலிக்ஸ் எங்கே சேர்ந்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

அவனைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாடத்த வேணா பேக்கப் எடுத்து அனுப்புறேன் டீச்சர். முகவரி எம் பேர்லதான இருக்கு? நீங்கதான எடுக்கச் சொன்னீங்க?"

அதுவரை அக்கா என்றே கூப்பிட்டவன். பாவி, சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. வேறு பெயரில் புதிதாகத் தொடங்கினாலும், வாட்ஸ்அப் குரூப்பெல்லாம் பரவிக் கிடக்கும் பழைய லிங்க்கைத் தட்டும் பிள்ளை அவனிடம்தான் போய் நிற்கும்.

"நாந்தான் காசு வாங்குறேன்னு நெனைக்குமே ரஞ்சிதா, பிள்ளைக!" என்று அழுதாள்.

மறுவாரம் புது டொமைன், புது ஹோஸ்டிங், எல்லாம் தன் பேரிலேயே எடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து படிப்படியாக நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பாஸ்வேர்டு கேட்டது. இரண்டு எழுத்து அடித்தவள் நிறுத்தினாள்.

"கொஞ்சம் அங்கிட்டுத் திரும்பிக்க."

பதினெட்டு வருஷமாக ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறோம். திரும்பிக்கொண்டேன்.