கடவாய் தீட்டிய விமானங்கள்

பல் செய்யும் கூடத்தில் அவளைக் கடவாய் என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்துப் பீங்கானில் பல் செய்து தரும் கூடம் அது. முன்பல்லை யார் வேண்டுமானாலும் செய்துவிடுவார்கள். கடவாய்ப் பல்லின் மேடுபள்ளத்தை அவள் அளவுக்குச் செதுக்க ஆளில்லை. பெயர் வைத்தவர் முதலாளி. முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு, கூப்பிடுகிறார்களே, அதுவே போதும் என்று விட்டுவிட்டாள்.

பேச்சுக்கு இடமில்லாத வேலை. முகமூடி கட்டி, பூதக்கண்ணாடி மாட்டி, ஆளுக்கொரு மேசையில் குனிந்திருப்பார்கள். புதுப்பல் பளிச்சென்று இருந்தால் பக்கத்துப் பற்கள் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மயிரிழைத் தூரிகையால் கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் காப்பிக் கறை, போனால் போகிறதென்று ஒரு பொய் விரிசல் எல்லாம் தீட்டிச் சூளையில் வைப்பாள். அந்தப் பல்லோடு யார் சிரித்தார்கள், யார் சாப்பிட்டார்கள் என்று அவளுக்குத் தெரியாது. சாயங்காலம் வந்தால் ஒரு மாடி அறை, ஒரு ஜன்னல், ஒற்றைத் தட்டு. அம்மா போன பிறகு அந்த அறையில் இரண்டாவது குரல் என்றால் வானொலிதான்.

பல் பெட்டிகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிற டெலிவரிக்காரர் ஒருநாள் ஒரு தீப்பெட்டியை நீட்டினார். உள்ளே கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய போர் விமானம் ஒன்று, வர்ணம் இல்லாமல், வெறும் உலோகமாக.

"எங்க வீட்டுக்குக் கீழ ஒரு கணக்கு வாத்தியார் இருக்கார்மா. இதையெல்லாம் மேசையில வச்சு சண்டை விளையாடுவாராம். வர்ணம் அடிக்கப் போனா கை நடுங்குதாம். உன்னால முடியுமா?"

"சண்டையா? என்ன சண்டை?"

"ஏதோ பழைய உலகப் போராம். மேசையோட நின்னா நமக்கென்ன?"

அவள் அதை ஒரு குச்சியின் நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மேலே பச்சையும் பழுப்பும் திட்டுத் திட்டாக, அடியில் வானத்து நிறம். தண்ணீராய்க் கரைத்த கறுப்பைத் தொட்டு வைத்தால் அது தகட்டு மூட்டுகளில் தானே ஓடி நின்றது. புகை கக்கும் இடத்தில் கொஞ்சம் கரி. பல்லில் கறை வைத்துப் பழகிய கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. விமானியின் கூண்டுக்கு நீலம் தடவி, மூலையில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தாள். கண்ணாடி மின்னுவது போலவும், உள்ளே யாரோ உட்கார்ந்திருப்பது போலவும் இருந்தது.

வாத்தியாருக்குப் பிடித்துப்போயிற்று. அதிலிருந்து மாதம் தவறாமல் டப்பாக்கள் வந்தன. படம் வரும், "வால்ல சிவப்புப் பட்டை வேணும்" என்று செய்தி வரும், முடித்ததும் "பிரமாதம்" என்று ஒரு சொல் வரும். அக்கா போன் செய்தபோது அவள் ஆசையாகக் கேமராவில் காட்டினாள்.

"என்னடி இது, ஈ மாதிரி இருக்கு?"

"விமானம்க்கா. இங்க பாரு, இறக்கை."

"சரி சரி, சாப்பிட்டியா?" என்றாள் அக்கா. பேச்சு அங்கேயே தரையிறங்கிவிட்டது.

இரண்டு வருஷம் கழித்து வாத்தியார் போனிலேயே கூப்பிட்டார். "ஞாயித்துக்கிழமை வாங்களேன். நீங்க அடிச்சதெல்லாம் பறக்கறத ஒரு தடவை பார்க்க வேண்டாமா?"

ஓர் அச்சகத்துக்கு மேலே ஒரு நீளக் கூடம். பெரிய மேசையில் வயலும் ஆறும் அச்சிட்ட துணி விரித்திருந்தது. அதன் மேல் கண்ணாடிக் குச்சிகளில் அவளுடைய விமானங்கள், உண்மையாகவே அந்தரத்தில். சுற்றி நின்ற ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணியா சார்?" என்றார் ஒருவர்.

"அட, இல்லப்பா!" வாத்தியாருக்குக் காது சிவந்தது. "பெயின்ட் அடிக்கிறவங்க."

"அப்படியா? எங்க வீட்டு ஹாலுக்கும் ஒரு கோட் அடிச்சுத் தருவாங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், கைகளை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. சுவரோரம் ஒரு நாற்காலி கிடைத்தது. அங்கிருந்து பார்த்தால் விமானங்களின் அடிப்பக்கம்தான் தெரிந்தது. யாரும் பார்க்கப்போவதில்லை என்று ஒரே பூச்சில் முடித்த அடிப்பக்கம். அவளுக்கு வெட்கமாகப் போயிற்று.

பாதி ஆட்டத்தில், ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவரான மருந்துக் கடைக்காரருக்குக் கடையிலிருந்து போன் வந்தது, அவர் ஓடினார். அவருடைய நாலு விமானம் ஆளில்லாமல் நின்றது.

"நீங்க உட்காருங்க," என்றார் வாத்தியார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்களே."

"தெரிய என்ன இருக்கு? ஒவ்வொரு சுத்துக்கும் முன்னால நகர்த்தணும், சுடணும்னா பகடை போடணும். நிறுத்தி மட்டும் வைக்கக் கூடாது. நின்னா விழுந்துடும்."

அவள் நகர்த்தினாள். எதிரி எந்தப் பக்கமோ அதற்கு மறுபக்கமாகவே நகர்த்தினாள். தன் வர்ணத்தின் மேல் தானே குண்டு போட மனம் வரவில்லை. இரண்டு தரப்பும் அவள் தீட்டியதுதானே.

"அம்மா, இது சண்டை. ஊர்வலம் இல்ல," என்றார் ஹாலுக்கு வர்ணம் கேட்டவர்.

மூன்று விமானங்கள் விழுந்தன. விழுந்தவற்றைப் புகை மாதிரி பஞ்சு சுற்றி ஓரத் தட்டில் கிடத்தினார்கள். அதற்கப்புறம் அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. மிச்சமிருந்த ஒன்றை ஆற்றோரமாக வளைத்து, ஹாலுக்கு வர்ணம் கேட்டவரின் குண்டுவீச்சு விமானத்துக்குப் பின்னால் கொண்டுவந்து பகடையை உருட்டினாள். ஆறு. மறுபடி ஆறு.

"போச்சு! காலி!" கூடமே கத்தியது. யாரோ அவள் முதுகில் தட்டினார்கள். முதுகில் அந்தக் கை பட்ட இடம் வெகுநேரம் அவளுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் டப்பாவில் அடுக்கினார்கள். அடுத்த வாரம் எந்தப் போர், யார் எந்தப் பக்கம் என்று பேசிக்கொண்டே படியிறங்கினார்கள். வாத்தியார் அவளிடம் புது டப்பா ஒன்றைக் கொடுத்தார்.

அவள் படியில் நின்றாள். "மருந்துக் கடைக்காரர் அடுத்த வாரமும் வர மாட்டாரோ?"

"அவரா? உயிரே போனாலும் வந்துடுவாருங்க," என்று சிரித்தார் வாத்தியார்.

"நல்லது," என்றாள். வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. அவள் டப்பாவை மார்போடு பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

அதன் பிறகும் எப்போதாவது கூப்பிட்டார்கள். ஆள் குறையும்போது. "வர முடியுமாங்க?" என்று கேட்டு முடிப்பதற்குள் அவள் செருப்பைத் தேடுவாள். போனால் நன்றாகவே ஆடினாள். இப்போதெல்லாம் ஓடி ஒளிவதில்லை. நிரந்தர இடம் கேட்கலாமா என்று பலமுறை நினைத்தாள். வாய் வரவில்லை. அவர்களுக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலையிலேயே குளித்து, இருப்பதில் நல்ல உடையாக எடுத்து உடுத்தி, போனை மேசை மேல் வைத்துவிடுவாள். பத்து மணி தாண்டினால் இனி அழைப்பு வராது. அப்போது நல்ல உடைக்கு மேல் ஒரு பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, விளக்கைப் போட்டு, ஒரு விமானத்தைத் தலைகீழாகப் பிடித்து, அடிப்பக்கத்திலிருந்து தொடங்குவாள்.